அப்பாவின் பெட்டிக்கடையைத் திரும்பத் திறக்கிறேன்: ஒன்பது பாட்டில்களில் என்ன மிட்டாய் போடலாம்?

பாமணியாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல, பாமணியாத்துக் கரையோரம் எங்க ஊர். அப்பா 31 வருஷம் பெட்டிக்கடை வச்சிருந்தார். கண்ணுல புரை விழுந்து சில்லறை எண்ண முடியாமப் போனதும் கடையைச் சாத்திட்டார். நான் திருப்பூர்ல 11 வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்த்துட்டு, ஆடி மாசம் ஊரோட வந்துட்டேன். தை பிறந்ததும் கடையைத் திறக்கணும்.

சோப்பு, தீப்பெட்டி, ஷாம்பு சரம், வெத்தலை பாக்கு எல்லாம் எனக்குப் பழக்கம்தான். மிட்டாய்லதான் குழம்பி நிக்கிறேன். அப்பாவோட கண்ணாடிப் பாட்டில் ஒன்பதையும் பரண்ல இருந்து இறக்கி, சாம்பல் போட்டுக் கழுவி, வெயில்ல கவுத்து வச்சிருக்கேன். எதுல என்ன இருந்ததுன்னு அப்பா வரிசை மாறாமச் சொல்றார்: புளிப்பு மிட்டாய், தேன் மிட்டாய், கமர்கட், பாரிஸ், நியூட்ரின், கடலை மிட்டாய், சூட மிட்டாய், பபிள்கம். ஒன்பதாவது முறுக்குக்கு.

நேத்து மன்னார்குடி மொத்தக் கடையில 14 வகை வாங்கிட்டு வந்து அப்பா கையில ஒண்ணொண்ணாக் கொடுத்தேன். விரலால தடவி, காதுகிட்ட வச்சு உறையைக் கசக்கிப் பார்த்தார். ரெண்டு பக்கமும் முறுக்கி விட்ட உறைன்னா "இது டாஃபி, எக்ளேர்ஸ் சாதி"ங்கிறார். ரெண்டு ஓரத்துலயும் ரம்பப் பல்லு மாதிரி வெட்டு இருந்தா "தலகாணி உறை, இது புதுசு, ஆல்பன்லிபே மாதிரி"ங்கிறார். காபி பைட்டை உறையைப் பிரிக்காமலே மோந்து சொல்லிட்டார். பதினாலுல பன்னெண்டு சரி. தப்பின ரெண்டும் அவர் கடையைச் சாத்தின பிறகு வந்த சரக்கு.

அதனால உங்ககிட்ட கேக்கறேன். இந்தப் பழைய பேருங்கள்ல எது இன்னும் வருது, எது யார் கைக்குப் போச்சு? நம்ம சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் எது தாங்கும்? பிள்ளைங்க வயித்தைக் கெடுக்காத சரக்கா இருக்கணும், அது முக்கியம்.

குடந்தை லைன் வண்டி:

தங்கச்சி, நல்ல காரியம். நான் கும்பகோணத்துல இருந்து வலங்கைமான், நீடாமங்கலம், குடவாசல்னு 22 வருஷமா மிட்டாய், பிஸ்கட் லைன் போறவன், அதாவது வண்டியில கடை கடையாப் போய் சரக்கு போடுறவன். நீங்க பழைய பேருங்களைக் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்றேன், ஏன்னா இப்போ பேரு பழசா இருக்கும், பில்லு வேற கம்பெனியில வரும்.

பாரிஸ் சரக்கு, அதாவது லாக்டோ கிங், காபி பைட் எல்லாம் 2004லயே கொரியாவோட லோட்டே கம்பெனிக்குப் போயிடுச்சு. சோக்கோ பை விக்கிறவங்களும் அவங்கதான். நியூட்ரின் நம்ம பக்கத்துச் சரக்கு, ஆந்திராவுல சித்தூர், 1952ல ஆரம்பிச்சது. மகா லாக்டோ, ஆசை ரெண்டும் அவங்களோடது. 2006ல கோத்ரெஜ் வாங்கி, அடுத்த வருஷமே அமெரிக்க ஹெர்ஷேயோட கூட்டு போட்டு, கடைசியில ஹெர்ஷே கைக்கே முழுசாப் போயிடுச்சு. நான் லைனுக்கு வந்த புதுசுல ஒரு கடைக்கு மகா லாக்டோ இல்லாமப் போனா உள்ளேயே விட மாட்டாங்க. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில தேங்காயோட ரெண்டு மகா லாக்டோ போட்ட காலம் அது.

கை மாறாம நிக்கிறது பார்லே. பம்பாய் வில்லே பார்லேயில 1929ல ஆரம்பிச்சதால ஊர்ப் பேரே கம்பெனிப் பேரு. அவங்க முதல்ல போட்டது மிட்டாய்தான், பிஸ்கட் பின்னாடி வந்தது. ஏலக்காய் வாசனையோட கிஸ்மி, வட்ட வட்டமா அடுக்கின பாப்பின்ஸ், மேங்கோ பைட், மெலடி எல்லாம் இன்னும் ஓடுது. நடுவுல ரோலா கோலாவை நிறுத்தியிருந்தாங்க. ஜனங்க விடாமக் கேட்டு 2019ல திரும்பக் கொண்டு வர வச்சாங்க. நிறுத்தின மிட்டாயை ஜனங்க கேட்டு வாங்கினது எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

பபிள்கம் கதை வேற. பூமர் கொண்டு வந்தது ஸ்பெயின்காரங்க. 2004ல அவங்களை ரிக்லி வாங்குச்சு, 2008ல ரிக்லியையே மார்ஸ் வாங்கிடுச்சு. சென்டர் ஃப்ரெஷ், பிக் பபூல், ஹாப்பிடென்ட், ஆல்பன்லிபே, மென்டோஸ் எல்லாம் பெர்ஃபெட்டி வான் மெல்லே. இத்தாலிக் கம்பெனியும் நெதர்லாந்துக் கம்பெனியும் 2001ல ஒண்ணாச் சேர்ந்தது அது. சென்னைக்குத் தெக்கால அவங்களுக்கு ஃபேக்டரியே இருக்கு. ஆல்பன்லிபேன்னா ஜெர்மன் பாஷையில 'ஆல்ப்ஸ் மலைப் பாசம்'னு அர்த்தம் வருமாம். நம்ம பிள்ளைங்களுக்கு அது 'ஆப்பிலிபே'.

தேன் மிட்டாய், கமர்கட்டுக்கு நான் வர முடியாது. அதெல்லாம் லைன் வண்டியில ஏறாது.

கல்லணை ராசா:

அண்ணே, பான் பசந்த் வருதா? எங்க தாத்தா வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்தவர், பல்லு போன பிறகு அதைத்தான் சப்பிக்கிட்டு இருப்பார்.

குடந்தை லைன் வண்டி:

வரும் தம்பி. அது ராவல்கான் கம்பெனியோடது, மகாராஷ்டிராவுல மாலேகான் பக்கத்து ஊர். 2024ல அந்தப் பேரையும் பக்குவத்தையும் ரிலையன்ஸ் 27 கோடி ரூபாய்க்கு வாங்கிட்டாங்க. கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு கிடைச்ச சேதி வந்த வாரம், நான் வெத்தலை மண்டி வாசல்ல நின்னு பான் பசந்த் டப்பா இறக்கிக்கிட்டு இருந்தேன். வெத்தலை ஊருக்கு வெத்தலை வாசனை மிட்டாய் வெளியில இருந்து வருது. நம்ம வெத்தலையைப் போட்டு நம்ம ஆளுங்க யாராவது இதைச் செய்யக் கூடாதான்னு மனசு அடிச்சுக்கிச்சு.

ஓய்வுபெற்ற ரயில்காரர், சிதம்பரம்:

பாரிஸ் என்ற பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மெயின் லைனில் விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாகத் தஞ்சாவூர் வருகிறவர்களுக்கு நெல்லிக்குப்பம் ஸ்டேஷன் தெரியும். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை அங்கேதான், 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. மிட்டாய்த் தொழிற்சாலையும் அதே ஊர்தான். அரவை நடக்கும் மாதங்களில் வண்டி ஊரை நெருங்கும்போதே கரும்புப் பாகு காய்கிற வாசனை பெட்டிக்குள் வந்துவிடும். தூங்குகிற பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து "அம்மா, மிட்டாய் வாசம்" என்பார்கள். பணியில் இருந்த 34 வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நம் பிள்ளைகள் 'பாரிஸ் சாக்லேட்' என்றால் பிரான்ஸ் தேசத்துப் பாரிஸ் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அது 1788இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பேர். பாரிமுனையும் அவர் பேரில் இருப்பதுதான். ஆக அது கடலூர் ஜில்லா மிட்டாய், நம் பக்கத்து வீட்டுச் சரக்கு. அம்மா, உங்கள் நான்காவது பாட்டிலில் அதையே போடுங்கள்.

தஞ்சை உணவுத் தொழில்நுட்ப மாணவி:

நான் தஞ்சாவூர் நிஃப்டெமில் படிக்கிறேன். அக்கா கேட்ட "வெயிலுக்கு எது தாங்கும்" என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

சாக்லேட் வாயில் போட்டதும் கரைவதற்குக் காரணம் கோக்கோ வெண்ணெய். அது உருகும் சூடு கிட்டத்தட்ட 34 டிகிரி, நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் வெளியே 38, 39 என்று போகும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அதிகம். ஆகவே குளிர்பெட்டி இல்லாத கடையில் அசல் சாக்லேட் பங்குனியிலிருந்து ஆவணி வரை நிற்காது. உருகி, ராத்திரி திரும்ப இறுகும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சை இல்லை, கோக்கோ வெண்ணெய் மேலே வந்து படிந்தது. சாப்பிட்டால் கெடுதல் கிடையாது, ஆனால் மணல் போல நறநறக்கும், பிள்ளைகள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

இதற்காகவே கம்பெனிகள் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் இன்னும் கூடுதல் சூட்டில் உருகும் தாவரக் கொழுப்பைப் போட்டுப் பண்ணுகிறார்கள். அதற்குக் 'காம்பவுண்ட்' என்று பெயர். வேஃபர் கட்டிகளின் உறையைக் கவனமாகப் படியுங்கள். பலவற்றில் 'சாக்லேட்' என்று எழுதியிருக்காது, 'சோக்கோ லேயர்' என்றுதான் இருக்கும். நம் வெயிலில் தாக்குப்பிடிப்பது அந்த வகை. ருசியில் அசலுக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம், இருந்தாலும் தகரக் கூரைக்கு அதுதான் சரி.

கெட்டி மிட்டாய்க்கு எதிரி வெயில் இல்லை, ஈரம். புளிப்பு மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் சர்க்கரையையும் திரவ குளுக்கோஸையும் 150 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ச்சி, தண்ணீர் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்குக் குறைகிற வரை வற்றவைத்துச் செய்வது. அந்த அளவுக்கு வறண்ட பொருள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். ஐப்பசி கார்த்திகையில் பாட்டிலை ஒரு நாள் சரியாக மூடாமல் விட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். மூடிக்கு உள்ளே ரப்பர் வளையம் போடுங்கள். ஈரக் கையை உள்ளே விட வேண்டாம். எடுப்பதற்கு நீளக் கரண்டி ஒன்று வையுங்கள்.

பாமணியாற்றங்கரை:

தங்கச்சி, வெள்ளை பூக்கிற சமாச்சாரத்தை இப்பத்தான் புரிஞ்சுக்கிட்டேன். அப்பா கடை நடத்தும்போது ஒரு சித்திரையில ரெண்டு டப்பா பார் சாக்லேட் அப்படி வெளுத்துப் போச்சு. எக்ஸ்பயரிக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. சரக்கு போட்ட ஏஜென்சிகாரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். பூஞ்சை பிடிச்சதை விக்கக் கூடாதுன்னு அப்பா அத்தனையையும் குழி தோண்டிப் புதைச்சார். அந்த மாசம் எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டத் தவணை கேட்டது இன்னும் மனசுல இருக்கு. பூஞ்சை இல்லைன்னு அப்போ ஒருத்தர் சொல்லியிருந்தா நாங்களாவது தின்னிருப்போம்.

குடந்தை லைன் வண்டி:

தங்கச்சி, அந்த மாதிரி ஏஜென்சிகாரங்க இருக்காங்க, படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சு. டேமேஜ் எடுப்பாங்களா, எத்தனை நாளுக்குள்ளன்னு முதல் பில்லு போடும்போதே கேட்டு, பில்லுலயே எழுதி வாங்கிக்குங்க. பங்குனியில பார் சாக்லேட் ஸ்கீம் வருதுன்னா எடுக்காதீங்க. பத்து டப்பாவுக்கு ஒரு டப்பா இனாம்னு கொடுப்பாங்க, வெயிலுக்கு முன்னாடி கிடங்கைக் காலி பண்றதுக்கான ஏற்பாடு அது.

நாகூர் நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க தெருவுல மிட்டாய்க்குப் பேரு கடையில வரல, கப்பல்லயும் பிளேன்லயும் வந்துச்சு. சபுராளி, அதான் வெளிநாடு போய் சம்பாரிக்கிறவங்க, வந்து எறங்குனா பொட்டியத் தொறக்குற சத்தத்துக்கே சந்துப் புள்ளைங்க அத்தனையும் கூடிடும். கோடாலித் தைலம் பெரியவங்களுக்கு, முக்கோணப் பொட்டியில டாப்லரோன் புள்ளைங்களுக்கு. துபாய்லேந்து வந்தா கேலக்ஸி, ஸ்னிக்கர்ஸ். இந்தோனேசியாவோட கோப்பிக்கோ காப்பி மிட்டாய நாங்க சின்னதுலேயே சப்புனவங்க.

ஆனா சிங்கப்பூர்லேந்து ஒண்ணு மட்டும் வராது, அது பபிள்கம். 1992லேந்து அங்க விக்கவும் கொண்டு வரவும் தடை. ரயில் கதவு மூடுற இடத்துல ஒட்டி வச்சு வண்டிய நிப்பாட்டுனதெல்லாம் நடந்ததுக்கப்புறம் போட்ட சட்டம். 2004லேந்து டாக்டர் வழியா, பார்மசி வழியா மருந்துக்கான கம் மட்டும் தர்றாங்க. நான் மொத தடவ போகும்போது உம்மா வழிக்குன்னு கைப்பையில போட்டு விட்ட ஆறு பபிள்கம்மையும் விமான நிலையத்துல எறங்குறதுக்கு முன்னாடியே தின்னு தீத்தேன். தாடை ரெண்டு நாளு வலிச்சுச்சு.

தங்கச்சிக்கு ஒரு விஷயம். வெளிநாட்டு ஜெல்லி, மார்ஷ்மெல்லோ யாராவது கொண்டாந்து விக்கச் சொன்னா ஜெலட்டின் இருக்கான்னு பாருங்க. அது மாட்டுலேந்தும் எடுப்பாங்க, பன்னிலேந்தும் எடுப்பாங்க. நம்ம நாட்டு சரக்குல பச்சைப் புள்ளி இருந்தா சைவம். அசைவத்துக்கு இப்ப பழுப்பு முக்கோணம். முஸ்லிம் வூடும் சைவக்காரங்க வூடும் உள்ள ஊருல ரெண்டு பேருக்கும் இது முக்கியம். தெரியாம ஒரு புள்ள தின்னுட்டா அந்த வூட்டுல படுற மனக்கஷ்டத்த நான் பாத்துருக்கேன்.

மாயூரம் டீச்சர்:

நான் 19 வருடமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இந்த இழையில் எல்லாரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலா? 2020இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. மிட்டாய், சாக்லேட் எல்லாம் அதில் வந்துவிடும்.

இரண்டாவது, நிறம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அதனால் காரைக்காலிலும், பிறகு தமிழ்நாடு முழுவதும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் அதில் இருந்தது. அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய மாதம்வரை கோயில் திருவிழாவில் என் மகளுக்கு நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். சேதியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆகவே உறையில்லாத, பேரில்லாத கலர் மிட்டாய் எதுவும் வேண்டாம். பேர் போட்ட சரக்கில் தொகுதி எண்ணும், என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும்.

மூன்றாவது, உருண்டையான கெட்டி மிட்டாயை நான்கைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். ஒரு முறை எங்கள் வகுப்பில் நடந்தது. பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டி வெளியே எடுக்கும்வரை எனக்கு உயிர் இல்லை.

வேதாரண்யத்து மருமகள்:

டீச்சர் சொல்ற அக்கறை புரியுது. ஆனா பேர் போட்டது எல்லாம் நல்லது, பேர் இல்லாதது எல்லாம் கெட்டதுன்னு முடிக்கிறதை என்னால ஒத்துக்க முடியல. எங்க அப்பாயி கமர்கட் செய்வாங்க. வீரமாங்குடி அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, தண்ணி தெளிச்சுக் கரைச்சு வடிகட்டி, திரும்ப அடுப்புல ஏத்துவாங்க. பாகை ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணியில விட்டு, அதை எடுத்துத் தரையில போட்டா 'டங்'னு கல்லு மாதிரி சத்தம் கேக்கணும். அந்தப் பதம் வந்ததும் துருவின தேங்காயும் ஏலக்காயும் போட்டுக் கிளறி, கையில நெய்யைத் தடவிக்கிட்டு சூட்டோட சூடா உருட்டணும். ஆறவிட்டா உருட்ட வராது, அவசரப்பட்டா உள்ளங்கை வெந்துடும். அப்பாயியோட வலது உள்ளங்கையில தோல் வழவழன்னு இருக்கும். அதுல என்ன சாயம் இருக்கு, என்ன ரசாயனம் இருக்கு? அதுக்கு ஒரு பேர் இல்லைங்கிறதால அது கடையில நிக்கக் கூடாதா?

மாயூரம் டீச்சர்:

தங்கச்சி, உங்கள் அப்பாயி கமர்கட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், அவர்களை உங்களுக்குத் தெரியும். எங்கேயோ யாரோ செய்து சாக்குப் பையில் வருவதைத்தான் வேண்டாம் என்கிறேன். என் வாக்கியம் எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டது, திருத்திக்கொள்கிறேன்.

தஞ்சை உணவுத் தொழில்நுட்ப மாணவி:

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். உறையில் 14 இலக்க எண் வரும். தேன் மிட்டாயும் நல்ல பண்டம்தான், அரிசியும் உளுந்தும் அரைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைப்பது. சிவப்புச் சாயத்தை விட்டுவிட்டு வெல்லப் பாகில் போட்டால் பழுப்பாக இருக்கும், அதனால் என்ன? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதுவும் குடிசைத் தொழிலாகத் தொடங்கியதுதானே.

பபிள்கம் பற்றியும் ஒன்று. சப்போட்டாக் காயைப் பறித்தால் வடியும் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுமே, சூயிங்கம் முன்பெல்லாம் அந்த மரத்துப் பாலில்தான் செய்தார்கள். மெக்சிகோ பக்கம் அதற்குச் சிக்லே என்று பெயர். இப்போது பெரும்பாலும் செயற்கைப் பிசின்தான். ஊதும் பபிள்கம்மை 1928இல் அமெரிக்காவில் ஃபிளியர் கம்பெனியில் கணக்கராக இருந்த வால்டர் டீமர் கண்டுபிடித்தார். அன்றைக்குக் கைக்குக் கிடைத்த சாயம் ரோஸ் ஒன்றுதான். அதனால்தான் இன்றும் பபிள்கம் ரோஸ் நிறம். விழுங்கினால் ஏழு வருடம் வயிற்றில் இருக்கும் என்று பாட்டிகள் பயமுறுத்துவது உண்மையில்லை, தானாக வெளியே போய்விடும். ஆனால் சின்னப் பிள்ளைகள் அடிக்கடி நிறைய விழுங்கினால் குடலில் அடைக்கலாம்.

கல்லணை ராசா:

எங்க காலத்துல பூமர் வாங்குறதே உள்ளே இருக்கிற டாட்டூ காகிதத்துக்குத்தான். நாக்கால நக்கி, முழங்கையில ஒட்டி, பத்து எண்ணிட்டு மெதுவா உரிக்கணும். ஓரம் கிழிஞ்சு போனா அன்னைக்கு முழுக்க சோகம். மறுநாள் குளிக்கும்போது அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சு எடுத்துடுவாங்க.

அப்புறம் சில்லறைக்கு மிட்டாய். 2011 ஜூனோட 25 காசு செல்லாதுன்னு ஆனதும் அம்பது காசையும் யாரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. கடைக்குப் போனா மீதிக்குக் கையில ஒரு மிட்டாய் வந்துடும். எங்க வீட்டு உப்பு டப்பா பக்கத்துல அப்படிச் சேர்ந்த மிட்டாய் ஒரு டம்ளர் நிறைய இருக்கும். இப்போ எல்லாம் ஸ்கேன் பண்ணி 17 ரூபாய்னா 17 ரூபாய் போயிடுது. அந்த டம்ளர் காலி.

பேராவூரணி தென்னந்தோப்பு:

மிட்டாய்ல இருந்து கொஞ்சம் தள்ளி மரத்துக்கு வரேன். டெல்டான்னா நெல்லுன்னே எல்லாரும் நினைக்கிறாங்க. கடைமடையில பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைக்கு ஊடுபயிரா கோக்கோ போட்டிருக்கோம். பழம் கிளை நுனியில தொங்காது, அடிமரத்துலயும் தடிச்ச கிளையிலயும் ஒட்டிக்கிட்டுக் காய்க்கும், பலா மாதிரி. உடைச்சா உள்ளே வெள்ளைச் சதையோட முப்பது நாப்பது விதை. பச்சையாக் கடிச்சா கசக்கும், சாக்லேட் வாசனை துளி இருக்காது. மூட்டம் போட்டு அஞ்சாறு நாள் புளிக்கவச்சு, வெயில்ல காயவச்சாதான் அந்த வாசனையே பிறக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல்ல என் தோப்புல நின்ன 140 தென்னையில 23தான் மிச்சம். நிழல் போனதும் கோக்கோவும் காய்ஞ்சு போச்சு. மறுபடி தென்னை வச்சு, வாழை நிழல்ல கோக்கோக் கன்னு வச்சோம். 2024ல ஐவரி கோஸ்ட், கானா நாடுகள்ல விளைச்சல் விழுந்து உலகச் சந்தையில டன்னு 10,000 டாலருக்கு மேல போனப்போ என் மரம் அப்பத்தான் முதல் காய் பிடிச்சிருந்தது. விலை ஏறினப்போ விக்க காய் இல்ல, காய் வந்தப்போ விலை இறங்கிடுச்சு.

தங்கச்சி, உங்க கடையில ஒரு சாக்லேட் பார் வைக்கறதா இருந்தா கேம்ப்கோ கிடைச்சா வைங்க. 1973ல பாக்கு விவசாயிங்க சேர்ந்து ஆரம்பிச்ச கூட்டுறவு. கர்நாடகாவுல புத்தூர்ல 1986ல இருந்து சொந்தமா சாக்லேட் ஃபேக்டரி வச்சிருக்காங்க. விளைவிக்கிறவனே கம்பெனிக்குச் சொந்தக்காரனா இருக்கிற மிட்டாய். நமக்கும் அப்படி ஒண்ணு வரணும்னு எனக்கு ஆசை.

குடந்தை லைன் வண்டி:

கேம்ப்கோ நம்ம லைன்ல அதிகம் வராது அண்ணே, கேட்டு வாங்கணும். மாசி வரைக்கும் வச்சுப் பார்க்கலாம்.

விலை பத்தி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22ல இருந்து மிட்டாய், சாக்லேட், பபிள்கம் எல்லாத்துக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. முன்னாடி சாக்லேட்டுக்கு 18. ஆனா ஒரு ரூபாய் மிட்டாயை 90 காசுக்கு விக்க முடியாது, காசே இல்லையே. பெரிய பாக்கெட்லதான் விலை குறைஞ்சு தெரியும். பழைய விலை அச்சடிச்ச சரக்கு வந்தா பில்லைச் சரிபார்த்து வாங்குங்க.

பாமணியாற்றங்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. தை மூணாம் தேதி, கன்னுப் பொங்கல் முடிஞ்ச மறுநாள் கடையைத் திறந்துட்டேன். டீச்சர், முதல்ல உங்களுக்கு. பள்ளிக்கூட வாசல் முன்னே எங்க கடைக்கு எதிர்லயே இருந்தது, இப்போ ஆத்தங்கரை ரோட்டுப் பக்கம் மாத்திட்டாங்க. வயல் அளக்கிற டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் நானும் தம்பியும் அளந்தோம், 84 மீட்டர். பதிவுச் சான்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியாச்சு.

பாட்டில் வரிசை இப்படி வந்தது: புளிப்பு மிட்டாய் (தனித்தனி உறை போட்டது), கடலை மிட்டாய், காபி பைட், மகா லாக்டோ, கிஸ்மி, மேங்கோ பைட், பபிள்கம், கமர்கட். ஒன்பதாவது அப்பா சொன்னபடி முறுக்குதான். கமர்கட் எங்க சின்னம்மா செய்றாங்க, வேதாரண்யத்து அக்கா சொன்ன அந்த 'டங்' சத்தம் வர்ற வரைக்கும் மூணு ஈடு பாகு வீணாச்சு. பார் சாக்லேட் ஒரே ஒரு டப்பா, மாசியோட நிறுத்திடுவேன். சின்னக் குழந்தைங்க தனியா வந்தா உருண்டை மிட்டாய் கொடுக்கறதில்லை, கடலை மிட்டாயை உடைச்சுக் கொடுக்கறேன்.

அப்பா கல்லாப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, இருந்தாலும் மிட்டாயைத் தடவித்தான் எடுக்கறார். முதல் நாள் மூணாப்புப் படிக்கிற பொண்ணு ஒண்ணு பொறந்தநாள்னு பச்சைப் பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு வந்து, "வகுப்புக்கு 32 சாக்லேட், டீச்சருக்கு ரெண்டு"ன்னு கேட்டுச்சு. எந்த சாக்லேட்னு கேட்டேன். எல்லாப் பாட்டிலையும் ஒரு சுத்துப் பார்த்துட்டு மகா லாக்டோவைக் காட்டுச்சு. அப்பா பாட்டில்ல கையை விட்டு, எண்ணாமலே அள்ளி எடுத்துக் கொடுத்தார். நான் எண்ணிப் பார்த்தேன், 35 இருந்தது. ஒண்ணு பொறந்தநாள் பிள்ளைக்குன்னார்.

புளிப்பு மிட்டாய்தான் நாலே நாள்ல தீர்ந்துடுச்சு. குடந்தை அண்ணே, வியாழக்கிழமை வண்டி வரும்போது அதுல ரெண்டு பாக்கெட்டும், நீளக் கரண்டி கிடைச்சா ஒண்ணும் எடுத்துட்டு வாங்க.